கல்லின் பண்பும் சங்கின் சொல்லும்

1. வினா

அணிகலன் உடலுக்கு அழகு சேர்ப்பது என்பது பொதுக்கருத்து. சங்கப் பாடல்களில் வரும் தொடி, வளை, இழை, சிலம்பு ஆகியவற்றுக்கு விளக்கம் எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் வடிவையும் செய்பொருளையும் கூறி அமைவர். அன்றேல் பண்டைத் தமிழரின் செல்வச் சிறப்புக்குச் சான்றாக அவற்றை நிரல்படுத்துவர். இவ்விரண்டும் வேண்டுவனவே. எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. ஓர் அணி பாட்டினுள் என்ன தொழில் செய்கின்றது? அதனை நீக்கிவிட்டுப் பாட்டைப் படித்தால் அழகு மட்டுமே குறையுமா, பொருளே குறையுமா?

இவ்வினாவைத் தமிழுக்குள்ளேயே வைத்து ஆராய்வதினும், அணிக்குப் பெரும்பொருள் கற்பித்த மற்றொரு நாகரிகத்தோடு ஒப்புநோக்கி ஆராய்தல் தெளிவு தரும் எனக் கருதுகின்றோம். அவ்வகையில் சீனத்து ஜேடுக்கல் முதற்கண் நம் நோக்கத்துக்கு உரியது. தமிழகத்தில் அதற்கு இணைவைக்கத்தக்கது பொன்னும் அன்று, மணியும் அன்று. பொருநை ஆறு கடலொடு கலக்கும் கொற்கைத் துறையில் எடுத்து அறுக்கப்பட்ட சங்கே ஆகும். திருநெல்வேலி மாநகரைச் சார்ந்த மேலப்பாளையத்திலிருந்து அவ்வாற்றின் போக்கிலே கிழக்கு நோக்கிச் செல்வோமாயின், நெற்றியில் அணியும் பொன்பட்டங்கள் புதைகுழிகளில் கிடைத்த ஆதிச்சநல்லூரும், அதற்கு அப்பால் முத்தும் சங்கும் விளைந்த கொற்கையும் முறையே எதிர்ப்படும். ஆதலின் இவ்வாராய்ச்சிக்கு இப்பள்ளத்தாக்கு புறம்பானது அன்று.

2. கல்லின் பண்பு

சீனர் 'யூ' என்று வழங்கும் கல்லை மேலையுலகம் 'ஜேடு' என்னும். அது மரகதம் அன்று. பச்சை நிறம் ஒன்றே அதற்கு உரியது என்பதும் பொருந்தாது; கோட்டான் பகுதியின் ஆற்றுப்படுகைகளில் கிடைத்த வெண்ணிற ஜேடே நெடுங்காலம் தலைசிறந்ததாக மதிக்கப்பட்டது. இன்று பலரும் அறிந்த ஒளிமிக்க பசும்ஜேடு வேறு வகைக் கனிமம். பர்மாவிலிருந்து 18ஆம் நூற்றாண்டு முதலே மிகுதியாகச் சீனம் சென்றது. ஜேடின் வரலாறோ மிகத் தொன்மையானது. கி.மு. 3300 முதல் கி.மு. 2300 வரை யாங்சி ஆற்றின் கழிமுகப் பகுதியில் விளங்கிய லியாங்சூ பண்பாட்டினர், நடுவே துளையிட்ட வட்டத் தகடுகளையும் புறம் சதுரமாகவும் அகம் வட்டமாகவும் அமைந்த குழல்களையும் ஜேடில் செய்து, இறந்தாரோடு புதைத்தனர். கி.மு. 113இல் இறந்த லியூ செங் என்னும் ஆன் குல இளவரசனின் உடல், பொன் இழையால் கோத்த 2498 ஜேடுத் துண்டுகளாலான உறையில் கிடந்தமை 1968இல் மான்செங் என்னுமிடத்தில் கண்டறியப்பட்டது. கல் அழியாதது, ஆதலின் தன்னுள் வைத்த உடலையும் அழியாமற் காக்கும் என்பது அவர்தம் துணிபு.

ஆயினும் ஜேடுக்குச் சீனர் தந்த பெருமை அழியாமை ஒன்றால் அமைந்தது அன்று. 'லீ ஜி' என்னும் ஒழுக்கநூலில் ஓர் உரையாடல் உண்டு. மாணவராகிய சீகுங், ஜேடு மதிக்கப்படுவதும் அதனை ஒத்த வேறு கல் இகழப்படுவதும் ஏன், ஜேடு அரிதாகக் கிடைப்பதனாலா என வினவுகின்றார். கன்பூசியர் அதனை மறுத்து, பழஞ்சான்றோர் தம் பண்பை அக்கல்லில் கண்டனர் என விடை கூறுகின்றார். அதன் மென்மையான ஒளி அருள். அதன் செறிவு அறிவு. விளிம்பு இருந்தும் வெட்டாமை நேர்மை. தட்டினால் எழும் தெளிந்த ஓசை இசை. தன் குற்றத்தைத் தானே மறையாமை வாய்மை. இவ்வாறு கல்லின் இயல்பு ஒவ்வொன்றும் மாந்தப் பண்பு ஒன்றுக்கு நேராக வைக்கப்படுகின்றது. கி.பி. 100ஐ ஒட்டி சூ சென் தொகுத்த சொற்பொருள் நூலும் ஜேடை ஐந்து பண்புடைய அழகிய கல் என்றே விளக்குகின்றது.

அதே ஒழுக்கநூல், சான்றோன் இடைக்கச்சையில் ஜேடு தொங்கவேண்டும் என்கின்றது. அவன் நடக்குங்கால் அது ஒலிக்கும். நடை பிறழ்ந்தால் ஓசையும் பிறழும். அவ்வோசை அவன் செவிக்கே முதலில் எட்டுவது. எனவே ஜேடு அணிந்தவனைப் பிறர்க்கு அறிவிப்பதினும், அவனையே அவனுக்கு நினைவூட்டுவது. துயர்க் காலத்தில் மட்டும் அதனைக் களைவர். துயர்க் காலம் கழிந்தபின் மீண்டும் அணிவர். இவ்விரு செய்திகளும் பின்னர் நமக்குப் பயன்படும்.

3. சங்கு அறுத்தல்

சங்கு அரிய பொருள் அன்று. மன்னார்க் கடலின் படுகையில் கூட்டமாக வாழும் ஓர் உயிரின் கூடு அது. மதுரைக்காஞ்சி கொற்கையைக் கூறுமிடத்து முத்தொடு சங்கு குளிப்போர் வாழும் சேரியையும் ஒருங்கே சுட்டுகின்றது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'பெரிப்புளூசு' என்னும் கிரேக்கக் கடற்செலவு நூல், கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கின்றது. கொற்கை இன்று கடலிலிருந்து சில கல் தொலைவு உள்வாங்கிய சிற்றூர். ஆறு கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்தது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கு 1968-69இலும் 2021இலும் அகழாய்வு நடத்தியது. மண்ணுள் கிடைத்த சங்கு வளைத் துண்டுகள் இலக்கியச் செய்தியை மெய்ப்பிக்கின்றன.

அறுக்கும் தொழிலையும் புலவர் நுணுகி நோக்கினர். அகநானூற்று 24ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார், வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் சங்கை அறுத்து வளைகளை எடுத்தபின் எஞ்சும் தலைப்பகுதியை, முறுக்கு அவிழாத பகன்றை அரும்புக்கு உவமை ஆக்குகின்றார். வளையன்று, வளை போனபின் எஞ்சும் மிச்சமே இங்கு உவமைக்கு உரியதாயிற்று என்பது நோக்கத்தக்கது.

'வளை' என்னும் சொல் தமிழில் சங்கையும் கையணியையும் ஒருங்கே குறிக்கும். செய்பொருளுக்கும் செய்யப்பட்ட பொருளுக்கும் இடையே மொழி வேறுபாடு காணவில்லை. ஆயினும் சீனர் ஜேடில் கண்டது போல, சங்கின் வெண்மையில் தூய்மையையோ உறுதியில் கற்பையோ கண்டு அதனையே நீள விரித்துரைக்கும் மரபு தொகைநூல்களில் இல்லை. சங்குக்குப் பண்பு தனியே இல்லை. அது கையில் ஏறிய பின்னரே பொருள் பெறுகின்றது. இதுவே இரு நாகரிகங்களும் பிரியும் இடம். சீனத்தில் பொருள் கல்லின் இயல்பில் உளது. தமிழிலோ அணிக்கும் உடலுக்கும் இடைப்பட்ட உறவில் உளது. செறிந்து நிற்றல், நெகிழ்தல், கழலுதல், உடைதல் ஆகிய நிலைமாற்றங்களே தமிழ் அணியின் மொழி.

4. அகத்திணையில் மூன்று நிலைகள்

வளை நெகிழ்தல் பிரிவுத் துயரின் அடையாளம் என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. அஃது ஒரு வாய்பாடு என்று கூறி அப்பாற் செல்வது எளிது. ஆனால் அவ்வாய்பாட்டைப் புலவர் ஒரே வகையாகக் கையாளவில்லை. எம் நோக்கில் அதில் மூன்று நிலைகள் உள.

முதல் நிலையில் அணி, அணிந்தவள் விரும்பாமலே பேசுகின்றது. திருக்குறள் 1157இல் தலைவி, துறைவன் தன்னை நீங்கியதை முன்கையிலிருந்து கழலும் வளை ஊரார்க்கு அறிவித்துவிடாதோ என்கின்றாள். தலைவனைத் துறைவன் என்னும் பெயரால் சுட்டியது வாளா அன்று. துறை அவனுக்கு உரியது. வளையும் அத்துறை தந்த பொருள். அவன் நிலத்துப் பொருளே அவன் செயலுக்குச் சான்றாகின்றது. 1235ஆம் குறளும் இந்நிலையினதே. ஆண்டுத் தொடி கழன்று மெலிந்த தோள், கொடியவரது கொடுமையை உரைக்கின்றது. உரைத்தல் என்னும் வினைக்கு எழுவாய் தலைவி அல்லள், தோள். அவள் வாய் மூடியிருக்கவும் அணி காட்டிக்கொடுக்கின்றது.

இரண்டாம் நிலையில் அணிந்தவளே தன் அணியைப் படிக்கின்றாள். குறுந்தொகை 11இல் மாமூலனார் காட்டும் தலைவி, சங்கினை அறுத்துச் செய்த வளை நெகிழ, உறங்காத கண்ணொடு இவ்வாறே இங்குத் தங்குதலிலிருந்து தப்புவோம் என்று நெஞ்சை எழுப்பி, மொழி வேறுபட்ட தேயத்தில் இருப்பினும் அவனிடம் செல்லத் துணிகின்றாள். ஈண்டு வளையைக் கண்டு அலர் தூற்றுவார் ஒருவரும் இலர். நெகிழ்ந்த வளை அவளுக்கே செய்தி தருகின்றது, செய்தி செயலாகின்றது. இடையில் ஒலிக்கும் ஜேடு சான்றோனுக்கு நினைவூட்டும் தொழிலோடு இஃது ஒப்பிடத்தக்கது. ஆயினும் ஜேடு நடையை ஒழுங்கினுள் நிறுத்துகின்றது; வளை ஒழுங்கைக் கடந்து புறப்படச் செய்கின்றது.

மூன்றாம் நிலையில் அணியைக் கருவியாகக் கொண்டு அவளே பேசுகின்றாள். குறள் 1279இல் தலைவி தொடியை நோக்கினாள், தோளை நோக்கினாள், அடியை நோக்கினாள். வேறு ஒன்றும் செய்திலள். நீர் பிரியின் தொடி நில்லாது, தோள் மெலியும், ஆதலின் இவ்வடி உம்மொடு வருதல் வேண்டும் என்பது அந்நோக்கின் பொருள் என்று உரையாசிரியர் விரிப்பர். ஓர் எழுத்தும் ஒலிக்காத முழுமையான வாதம் அது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அணிகளைத் தடவிப் பார்த்தலையும் காதணி ஒன்றைக் களைதலையும் உள்ளக் குறிப்பின் புலப்பாடுகளாக எண்ணியதும் இக்கருத்துக்கு அரணாகின்றது.

அன்மொழித்தொகைப் பெயர்களையும் இவ்வொளியிலேயே காணவேண்டும். ஒண்டொடி, ஆயிழை, சேயிழை என்று பெண்ணை அணியால் பெயரிட்டு அழைத்தலை வெறும் விளி என்று ஒதுக்குவர் பலர். ஆனால் பிரிவுச் சூழலில் ஒண்டொடி என்று ஒருத்தி அழைக்கப்படுங்கால், கழலக்கூடிய ஒன்றே அவள் பெயராக நிற்கின்றது. தொடி கழலின் பெயரும் கழலும். அணி அழகுக்கு மேல் ஏறிய மிகை என்னும் கொள்கை இவ்விடத்துப் பொருந்தாது.

5. களைதல்

அகத்தில் கழலும் அணி, புறத்தில் களையப்படுகின்றது. சங்கு அறுத்தலைப் பாடிய அதே ஆவூர் மூலங்கிழார், புறநானூற்று 261இல் கரந்தைப் போரில் வீழ்ந்த தலைவனின் வீட்டைப் பாடுகின்றார். வருவார்க்கு அடையாத வாயிலும் குறையாத சோறும் உடையதாய் இருந்த அவ்வில்லம், அணி கழித்த கைம்பெண் போலப் பொலிவிழந்தது என்கின்றார். வளை போனபின் எஞ்சுவதை ஆண்டு அரும்பாகக் கண்ட புலவர், ஈண்டு வெறுமையாகக் கண்டார்.

கரிகாலன் மறைவைப் பாடும் புறநானூற்று 224ஆம் பாட்டில் கருங்குழலாதனார், மகளிர் இழைகளைக் களைந்தனர் என்று முடிக்கின்றார். களைதல் என்னும் வினைக்கு எழுவாய் மகளிர்தாம். ஆதலின் அவர்கள் தாமே விரும்பிக் களைந்தனர் என்று கொள்வார் உளர். உவமையை நோக்குக. வறண்ட வேனிலில் பசித்த ஆநிரையைக் காக்கும்பொருட்டு, கூரிய வாள் கொண்ட கோவலர் பூவொடு உதிரக் கொய்து அழித்த வேங்கை மரமே அம்மகளிர்க்கு உவமை. வேங்கை தானே பூவை உதிர்க்கவில்லை, வெட்டப்பட்டது. இலக்கணம் தாமே களைந்தனர் என்கின்றது. உவமை களையப்பட்டனர் என்கின்றது. கோவலர் கொடியவர் அல்லர், நிரை காக்கும் தேவையால் வெட்டுகின்றனர் என்பதும் உவமையில் அடங்கும். ஊரும் அவ்வாறே தன் தேவை என்று நம்பிய ஒன்றுக்காகப் பெண்ணை வெறுமையாக்குகின்றது. புலவர் கண்டனம் கூறவில்லை. ஆனால் அவர் தேர்ந்த உவமை, வினைமுற்று மறைத்ததை வெளிப்படுத்துகின்றது.

சீனச் சான்றோனும் துயர்க் காலத்தில் ஜேடைக் களைவான் என முன்னர்க் கூறினோம். வேறுபாடு வெளிப்படை. அவன் களைவது ஒரு காலத்துக்கு. இவள் களைவது வாழ்நாளுக்கு. கல்லில் பண்பு உறைவதால் அதனைக் கழற்றினும் பண்பு அவனிடமே இருக்கும். உறவில் பொருள் உறையும்போது, உறவு அறுந்தால் அணிக்கு மீளும் இடம் இல்லாமற் போகின்றது. இது தமிழ் அணியின் பெருமைக்கு உள்ளேயே இருக்கும் கேடு. இதனை ஆராய்ச்சியாளர் மறைத்தல் ஆகாது.

இப்பள்ளத்தாக்கின் தலைப்பக்கமாகிய பொதியிலை ஆண்ட ஆய் பற்றிய 127ஆம் புறப்பாட்டு இதற்கு ஒரு விளிம்பு காட்டுகின்றது. பரிசிலர்க்கு எல்லாம் கொடுத்துவிட்ட ஆயின் அரண்மனையில், பிறர்க்குக் கொடுத்தற்கு அரிய அணி ஒன்றையே அணிந்த மகளிர் எஞ்சினர் என்கின்றார் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். அவ்வணி தாலி எனக் கொண்டு பண்டைத் தமிழர் மணத்தில் தாலி உண்டா என்று நெடிது வாதிட்டனர். எம் வினா வேறு. அனைத்தும் கொடைப்பொருளாகும் ஓர் அரண்மனையில், விலைக்கும் கொடைக்கும் அப்பாற்பட்ட ஒரே பொருள் உறவின் அணி என்பதே பாட்டின் கருத்து. ஜேடுக்கு விலை உண்டு. சாவோ நாட்டிலிருந்த புகழ்பெற்ற ஜேடு வட்டம் ஒன்றுக்காகப் பதினைந்து நகரங்களைத் தருவதாகச் சின் நாட்டு மன்னன் கி.மு. 283இல் உரைத்தான் என்பது சீன வரலாறு.

6. உடைத்துக் காட்டிய உண்மை

அந்த வட்டத்தின் தோற்றக்கதை நம் சிலப்பதிகாரத்தோடு வைத்து எண்ணத்தக்கது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டினராகிய ஆன் பெய் பெயரால் வழங்கும் நூல் அதனைக் கூறுகின்றது. சூ நாட்டினனாகிய பியன் ஹே மலையில் கண்ட ஒரு பரற்கல்லை மன்னனுக்கு அளித்தான். கல் ஆராயும் கம்மியன், இது வெறுங்கல் என்றான். பொய்யன் எனப் பியன் ஹேயின் இடக்கால் வெட்டப்பட்டது. அடுத்த மன்னனிடமும் அவ்வாறே நிகழ்ந்து வலக்காலும் போயிற்று. மூன்றாம் மன்னன் காலத்தில் அவன் மலையடியில் அழுதுகொண்டிருந்தான். கால் இழந்ததற்கு அழவில்லை, மணியைக் கல் என்றும் மெய்யனைப் பொய்யன் என்றும் கூறியதற்கே அழுகின்றேன் என்றான். மன்னன் அக்கல்லைப் பிளப்பிக்க, உள்ளே சிறந்த ஜேடு இருந்தது.

ஒற்றுமைகள் தற்செயலாயினும் கூரியன. ஈரிடத்தும் உண்மை மேலுறைக்குள் மறைந்துளது. ஈரிடத்தும் மன்னன் உள்ளே நோக்காமல் கம்மியன் சொல்லை நம்புகின்றான். ஆண்டு அறியாமையாற் பிழைத்த கம்மியன், ஈண்டு வஞ்சித்த பொற்கொல்லன். ஈரிடத்தும் மெய்யன் தண்டிக்கப்படுகின்றான். ஈரிடத்தும் திறந்து காட்டுதலே வழக்கைத் தீர்க்கின்றது.

வேற்றுமையே நமக்கு முதன்மையானது. பியன் ஹேயின் கல் பிளக்கப்பட்டபின் அரசின் கருவூலமாகின்றது. மூன்றாம் மன்னன் முன்னோர் பிழையைத் திருத்துகின்றான், அரசு நிலைக்கின்றது. கண்ணகியின் சிலம்போ உடைந்தபின் எவர்க்கும் உடைமை ஆகவில்லை. பாண்டிமாதேவியின் சிலம்பின் பரல் முத்து. அவன் நாட்டுக் கொற்கை தந்தது. கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். புறத்தே ஒத்த இரண்டு சிலம்புகளை அகத்தே வேறுபடுத்தியது அப்பள்ளத்தாக்கின் கடல் விளைவே. உடைந்த சிலம்பின் மணி மன்னன் வாயில் தெறித்தது என இளங்கோவடிகள் அமைத்தது கூர்ந்து எண்ணத்தக்கது. கொன்று கொணர்க என்று ஆணையிட்டது அவ்வாய். சான்று, பிழைபட்ட சொல் பிறந்த இடத்தையே சென்று தாக்குகின்றது. மன்னன் உயிர் துறக்கின்றான். திருத்துதற்கு மற்றொரு மன்னன் அவ்விடத்தில் இல்லை. பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று காப்பியம் கூறுவது திருத்தம் ஆகாது. ஒருவன் பிழைக்கு ஒரு தொழிலினர் அனைவரையும் பழிவாங்கியதே ஆகும்.

அகத்திணையில் கண்ட மூன்றாம் நிலை இங்கு முழுமை எய்துகின்றது. குறள் தலைவி தொடியை நோக்கிப் பேசினாள். கண்ணகி சிலம்பை உடைத்து அரசவையில் வழக்குரைத்தாள். கணவன் பிரிந்த காலத்து மங்கல அணி ஒன்றன்றி வேறு அணியை விரும்பாதிருந்தவள் அவள். அணி குறைத்தல் ஆண்டு அடக்கத்தின் அடையாளம். மதுரை எரிந்தபின் கொற்றவை கோயில் வாயிலில் தன் பொற்றொடியைத் தானே தகர்க்கின்றாள். இதனைக் கைம்மைச் சடங்கு என்று மட்டும் கொள்ளல் போதாது. சுற்றத்தார் சூழ நிகழும் சடங்கு அன்று இது. உடன் ஒருவரும் இலர். சிலம்பை உடைத்த அதே கை தொடியையும் உடைக்கின்றது. வேங்கையை வெட்டிய கோவலர் இங்கு இலர். வினைக்கு எழுவாய் இலக்கணத்திலும் அவளே, உண்மையிலும் அவளே. கையறுநிலைப் பாடல்கள் மறைத்து வைத்த சிக்கலுக்குக் காப்பியம் தந்த விடை இதுவென்று யாம் கருதுகின்றோம்.

7. முடிபு

ஜேடு அணிந்தவனின் பண்பைக் குறித்தது. அதனை முதலிற் கேட்பவனும் அவனே. சங்கு அணிந்தவளின் உறவைக் குறித்தது. அதனை முதலிற் காண்பவர் ஊரார். சீன முறையிலும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. வெண்ஜேடு வேந்தனுக்கு, பிற நிறங்கள் அவனுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு என அந்த ஒழுக்கநூலே வரையறுத்தது. எனினும் அங்குப் பண்பின் பொறுப்பு அணிந்தவனோடு நின்றது. இங்கு உறவின் பொறுப்பு முழுவதும் பெண்ணின் கைமேல் ஏற்றப்பட்டது. பிரிந்தவன் துறைவன், கழன்றது அவள் வளை.

இவ்வுறவு அணி ஒரு சமயத்துக்கே உரியதும் அன்று, பழங்காலத்தோடு முடிந்ததும் அன்று. தமிழ் முசுலிம்களிடையே மணமகளுக்குக் கருகமணி அணிவிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. மேலப்பாளையம் முதலிய ஊர்களில் அப்பெயரை அறியாதார் இலர். சமயம் வேறாயினும் அணியின் வழியே உறவைச் சொல்லும் மொழி ஒன்றாயிருத்தல் இம்மண்ணின் இயல்பைக் காட்டும். 1967இல் தமிழக அரசு இயற்றிய திருமணச் சட்டத் திருத்தம், சுயமரியாதைத் திருமணங்களுக்கு ஏற்பு அளித்தபோது, மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று போதும் என்றது. மாலையும் மோதிரமும் இருவர்க்கும் பொது. தாலி ஒருவர்க்கே உரியது. தேர்வு வழங்கப்பட்டதில் பொருள் உண்டு. உறவின் அடையாளம் ஒருத்தி உடல்மேல் மட்டும் நிற்கவேண்டுவதில்லை என்பது சட்டத்தின் குறிப்பாயிற்று.

இலக்கியம் படிப்போர்க்கு இதனால் ஏற்படும் கடமை ஒன்று உளது. தொடி நெகிழ்ந்தது என்று வரும் ஒவ்வோர் இடத்திலும், பிரிவுத் துயரைக் குறித்தது என்று எழுதி அமையாமல், அவ்வணி பேசுவது அவளை மீறியா, அவளிடமா, அவளாலா என்று வினவுதல் வேண்டும். களைந்தனர் என்று வரும் இடத்தில் வினைமுற்றோடு நில்லாது உவமையையும் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களோடு தொகைநூல்களை மீளப் படிப்பின், ஒரே வாய்பாடு என்று நாம் கருதிய பாடல்கள் தம்முள் வேறுபட்டுத் தோன்றும். அவற்றை நிலை வாரியாகத் தொகுத்து வகைப்படுத்தும் பணி ஆய்வு மாணவர்க்கு உரியது.